ராக் இசைக்கான கிட்டார் ஆம்ப்: தேர்வும் பயன்பாடும்

மின்கிட்டாரின் பிக்கப்பில் உண்டாகும் மிகச் சிறிய மின்னலையை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தரும் கருவி கிட்டார் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், எனப்படுகிறது. ஊர்த் திருவிழாவிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் வைக்கப்படும் மைக் செட்டிலும் ஒரு ஆம்ப்ளிஃபையர் உண்டு. ஆனால் இரண்டின் நோக்கமும் வேறு. மைக் செட், பேசுபவரின் குரலை மாற்றாமல் சத்தத்தை மட்டும் கூட்ட வேண்டும். கிட்டார் ஆம்ப் ஒலியை மாற்றவும் செய்கிறது. ராக் பாடல்களில் கேட்கும் கரகரத்து நீண்டு நிற்கும் ஒலி கம்பியில் பிறப்பதன்று, ஆம்பில் பிறப்பது. எனவே ராக் வாசிப்பவருக்கு ஆம்ப் பாதி வாத்தியம் ஆகும்.

இந்தக் கரகரப்பு முதலில் ஒரு குறையாகவே கருதப்பட்டது. வால்வு ஆம்பின் சத்தத்தை அதன் எல்லைக்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, மூல சுரத்துடன் பல புதிய மேற்சுரங்கள் சேரும். 1964இல் வெளியான கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' பாடலுக்காக டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கிழித்தே அந்த ஒலியைப் பெற்றார். அதற்குச் சற்று முன்னர், லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய டிரம் கலைஞர் ஜிம் மார்ஷலின் குழுவினர் அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை அடிப்படையாகக் கொண்டு தங்கள் முதல் ஆம்பை உருவாக்கினர். ராக் ஒலி என்று இன்று நாம் கருதுவதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததே.

மைக் செட்டில் நேரடியாகச் செருகினால் என்ன ஆகும்?

கடம்பத்தூர், திருவள்ளூர் போன்ற ஊர்களில் புதிதாகத் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் செய்து பார்க்கின்றன. டிஸ்டார்ஷன் பெடலை மைக் செட்டில் செருகியதும் கொசு ரீங்காரம் போன்ற ஒலி வருகிறது. பழி பெடல்மீது விழுகிறது, காரணம் ஸ்பீக்கர். 10 அல்லது 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். கூரான மேற்சுரங்கள் அங்கேயே வடிகட்டப்படும். மைக் செட்டின் ஹாரனோ அவற்றைத்தான் தூக்கி எறியும். ஆம்பின் ஸ்பீக்கருக்கு முன் ஒரு மைக்கை வைத்து அதை மைக் செட்டுக்கு அனுப்புவதே சரியான முறை. ஆம்ப் இல்லாதவர்கள் கேபினெட் சிமுலேஷன் வசதியுள்ள புராசஸரைப் பயன்படுத்தலாம்.

எத்தனை வாட்?

வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. அதாவது 100 வாட் ஆம்ப், அதே ஸ்பீக்கருள்ள 10 வாட் ஆம்பைவிட இருமடங்கு சத்தமே தரும். தொழிற்பேட்டைகளை ஒட்டிய வரிசை வீடுகளில், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவோருக்குப் பக்கத்துச் சுவரில் 5 வாட் வால்வு ஆம்பே தொல்லைதான். வீட்டுக்கு 10 முதல் 20 வாட் டிரான்சிஸ்டர் அல்லது மாடலிங் ஆம்ப், அதுவும் ஹெட்போன் துளை உள்ளது, போதுமானது. டிரம்முடன் வாசிக்க 15 முதல் 30 வாட் வால்வு ஆம்ப், அல்லது 50 வாட்டுக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப் வேண்டும்.

எடையும் ஒரு கணக்கு. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஏறக்குறைய 29 கிலோ. அரக்கோணம் மார்க்கப் புறநகர் ரயிலில் காலை நேரத்தில் அதை ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களில் பொதுவாக மேடையிலேயே ஆம்ப் இருக்கும்; அறிமுகமில்லாத ஆம்பைச் சில நிமிடங்களில் சரிசெய்யத் தெரிந்திருப்பதே முக்கியம். பேஸ், மிட், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்கி, கெயினை வீட்டில் வைப்பதைவிடக் குறைவாக வைக்கவும். மிட்டைக் குறைத்தால் தனியாக வாசிக்கும்போது கம்பீரமாகத் தோன்றும். டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். ஆம்பைத் தரையில் வைத்தால் ஒலி முழங்காலுக்குத்தான் போகும். ஒரு நாற்காலிமேல் ஏற்றிச் சற்றே சாய்த்து வைப்பது நல்லது.

மின்சாரம்

எர்த் இல்லாத ஆம்ப் உயிரைப் பறிக்கும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் சுவான்சியில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். கிட்டார் கம்பிகள் பொதுவாக ஆம்பின் எர்த்துடனும், மைக்கின் உலோக உடல் மிக்ஸரின் எர்த்துடனும் இணைந்திருக்கும். இரண்டில் ஒன்றில் எர்த் அறுந்து மின்கசிவு இருந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டவுடன் பாடகரின் உடல் வழியே மின்சாரம் பாயும்.

இரைச்சலைக் குறைக்க மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைப்பதும், இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் போடுவதும் இங்கே சர்வசாதாரணம். ஒருபோதும் செய்யக் கூடாது. இரைச்சலுக்கு டியூப் லைட்டிலிருந்து விலகி நிற்பது, நல்ல கேபிள் வாங்குவது, ஹம்பக்கர் பிக்கப் பயன்படுத்துவது என வேறு வழிகள் உண்டு. ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மின்சாரம் பெறட்டும். ஜெனரேட்டரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு முன் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்பதில் வெட்கமில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பின்புறப் பட்டையைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும் என்பதால் திறந்து பார்ப்பதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடவும். பழைய ஆம்ப் வாங்குவோர் தங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துச் சென்று, எல்லாக் குமிழ்களையும் திருகி, அரை மணி நேரமாவது சூடேறும்வரை வாசித்துப் பார்க்க வேண்டும். பல கோளாறுகள் சூடான பின்பே வெளிப்படும்.