வண்ண மீனுக்குப் புழு உணவு: உயிரா, உறைந்ததா, உலர்ந்ததா?

நெற்குப்பையில் வீட்டின் பின்கட்டில் நான்கு சிமெண்டுத் தொட்டிகள் வைத்து, விவசாயத்தோடு வண்ண மீனும் வளர்த்து விற்கும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "ஐயா, பட்டணத்திலிருந்து வந்த சிவப்புப் புழுவைப் போட்டேன். பத்து நாளில் தாய் மீன்கள் வயிறு வீங்கிச் செத்துவிட்டன. உறைந்த புழுவோ உலர்ந்த புழுவோ போட்டால் பயமில்லை என்கிறார்கள். விலை கூடுதலானாலும் வாங்கலாமா?"

தாய் மீனை இழப்பது விதை நெல்லை இழப்பது போன்றது. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

புழு எதற்கு?

கப்பி, மோலி, தங்கமீன் முதலியவை தவிடு, பிண்ணாக்குத் தீவனத்திலும் உயிர் வாழும். ஆனால் புரதம் மிகுந்த புழுவையும் இடையிடையே கொடுத்தால் குஞ்சுகள் விரைவாக வளரும். தாய் மீன்கள் நன்கு இனப்பெருக்கம் செய்யும். ஆகவே புழுவே கூடாது என்பதில்லை. அது எங்கே பிறந்த புழு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாக்கடைப் புழு

கடைகளில் கிடைக்கும் டியூபிபெக்ஸ் என்னும் புழு சிவப்பு நூல் போன்றது. தலையைச் சேற்றில் புதைத்து, வாலை நீரில் ஆட்டிச் சுவாசிக்கும். பிராணவாயு மிகக் குறைந்த நீரிலும் வாழ வல்லது. அதனால்தான் சாக்கடை ஓரங்களில் திரள் திரளாகக் கிடைக்கிறது. சேற்றையும் அதிலுள்ள பாக்டீரியாக்களையும் தின்று வாழ்வதால், அதன் குடலில் சாக்கடையே இருக்கிறது.

ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இப்படித் தொட்டிக்குள் வரக்கூடும். நோய் கண்ட மீனுக்கு வயிறு வீங்கும். செதில்கள் பலாக்காய் முள் போல் விரிந்து நிற்கும். இந்நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. 1984-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் உல்ப், மார்க்கிவ் இருவரும், டிரவுட் மீனைச் சுழன்று சுழன்று நீந்தவைத்துக் கொல்லும் ஒட்டுண்ணி, டியூபிபெக்ஸ் புழுவில் வளர்ந்தே மீனுக்கு வருகிறது என்று காட்டினர். அந்நோய் குளிர்நீர் மீன்களுக்கு உரியது. ஆயினும் புழுவே நோயைச் சுமந்து வரும் என்பதற்கு அது நல்ல சான்று.

உயிர்ப் புழு வாங்கினால், தட்டையான பாத்திரத்தில் பரப்பி, மெல்ல ஓடும் சுத்தமான நீரில் 2 அல்லது 3 நாட்கள் வைக்க வேண்டும். வெளுத்த, செத்த புழுக்களை அகற்ற வேண்டும். இதனால் குடல் பெரும்பாலும் காலியாகும். ஆனால் ஆலைக்கழிவிலிருந்து உடலில் ஏறிய காரீயம், காட்மியம் முதலியன இரண்டு நாள் கழுவலில் போய்விடா.

உறைந்த புழு

உறைய வைப்பதால் புழுவிலுள்ள ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் மடியும். இது பெரிய நன்மை. ஆனால் பல பாக்டீரியாக்கள் உறைந்த நிலையிலும் உயிரோடு கிடந்து, உருகியதும் பெருகும். பஸ்ஸில் வரும்போதோ, மின்தடையின்போதோ உருகி, மீண்டும் உறைந்த புழு மிகவும் கெடுதலானது. கட்டிகள் வடிவம் குலைந்து, அடியில் சிவப்பு நீர் உறைந்திருந்தால் வாங்காதீர்கள். தேவையான துண்டை மட்டும் கிண்ணத்தில் உருக்கி, தேநீர் வடிகட்டியில் அலசி, நீரைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள். மீதியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

உலர்ந்த புழு

புழுவை உறைய வைத்து, வெற்றிடத்தில் அதன் பனியை ஆவியாக்கி எடுப்பதே இம்முறை. மின்சாரம் வேண்டாம், பல மாதம் கெடாது. ஆனால் "இதில் கிருமியே இல்லை" என்று எண்ண வேண்டாம். ஆய்வுக் கூடங்களில் பாக்டீரியாக்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காக்க இதே முறையைத்தான் கையாளுகிறோம்! தயாரிப்பாளர் கிருமி நீக்கம் செய்ததாகப் பொட்டலத்தில் குறித்திருந்தால் வாங்கலாம். போடுமுன் 10 நிமிடம் நீரில் ஊறவைக்க வேண்டும். திறந்த பொட்டலத்தை ஈரம் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். பூசணம் கண்டால் எறிந்துவிட வேண்டும்.

உலர்ந்த இரத்தப்புழுவின் தூள் சிலருக்குத் தும்மல், கண் அரிப்பு, ஆஸ்துமா உண்டாக்கும். முகத்தருகே கொட்டாமல் கரண்டியால் எடுங்கள்.

ஊரணியில் வலை வீசலாமா?

மீன் உள்ள ஊரணியிலிருந்து பூச்சிகளை அள்ளிப் போடுவதும் ஆபத்து. தமிழ்நாட்டில் முன்பு நரம்புச்சிலந்தி நோய் எப்படிப் பரவியது? குடிநீரில் இருந்த சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிரிக்குள் அதன் புழு இருந்தது. நீரை வடிகட்டிக் குடித்ததும், படிக்கிணறுகளைச் சீர்செய்ததும் அந்நோயை ஒழிக்கப் பெரிதும் உதவின. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மீனின் குடற்புழுக்கள் சிலவும் இதே சைக்ளாப்ஸ் வழியாகவே மீனுக்குள் போகின்றன.

நாமே வளர்ப்போம்

மொய்னா என்னும் தண்ணீர்த் தெள்ளை வீட்டிலேயே வளர்க்கலாம். 200 லிட்டர் தொட்டியில் சுத்தமான நீர் நிரப்பி, 20 கிராம் கடலைப் பிண்ணாக்கை இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றை விடுங்கள். இரண்டொரு நாள் கழித்து மொய்னா வித்தை இடுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பெருகிவிடும். பின்பு தினமும் கால் பங்குக்கு மேற்படாமல் அறுவடை செய்து, வாரம் ஒருமுறை சிறிது சாறு விடுங்கள். நீர் நாறினால் சாறு அதிகம் என்று பொருள். கொசு முட்டையிடாதபடி தொட்டியை மெல்லிய வலையால் மூடுங்கள். டெங்கு பரவும் இந்நாளில் இது மிக அவசியம்.

மண்புழு உரக்குழி உள்ளவர்கள் யூட்ரிலஸ் மண்புழுவை ஈரச் சாக்கில் ஓர் இரவு வைத்து, கழுவி, பொடியாக நறுக்கிப் பெரிய மீன்களுக்குக் கொடுக்கலாம். ஐசீனியா புழுவின் வாடை பல மீன்களுக்குப் பிடிப்பதில்லை. பூச்சிமருந்து தெளித்த வயலின் புழு கூடாது.

நினைவில் கொள்க

எப்புழுவாயினும் வாரம் 2 அல்லது 3 முறை, 5 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுங்கள். மீதியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்கிய புழுவை முதலில் ஒரே தொட்டியில் போட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். தாய் மீன் தொட்டி கடைசியில்தான். கையில் காயம் இருந்தால் புழுவையும் தொட்டி நீரையும் தொடாதீர்கள். விரலில் ஆறாத கட்டி வந்தால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நெற்குப்பை அன்பருக்கு என் பதில் இதுதான்: பிறந்த இடம் தெரியாத புழுவை, உயிரோடோ உறைந்தோ உலர்ந்தோ, தாய் மீனுக்குப் போடாதீர்கள். கூடுதல் விலை கொடுக்கும் பணத்தில் ஒரு மொய்னாத் தொட்டி வையுங்கள். ஐயம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.