நெட்டி முறியும் ஓசை

முடிதிருத்தகத்தில் தலையைப் பற்றிச் சட்டெனத் திருப்பினால் கழுத்தில் நெட்டி முறியும். விலகிய எலும்பு தன் இடத்தில் அமர்ந்த ஓசை அது எனப் பலர் கருதுவர், அன்று. மூட்டு விரியும்போது அதிலுள்ள நீர்மத்தில் அழுத்தம் குறைந்து வளிக்குமிழி தோன்றுவதோடு தொடர்புடைய ஓசையே அது. ஓசை கேட்டதனால் வலியின் காரணம் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது.

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய கைரோபிராக்டிக் என்பதும் கைகளால் முதுகெலும்பைச் சீர்செய்ய முயலும் முறையே. நோய்களுள் பெரும்பாலானவை முள்ளெலும்பு விலகலால் வருவன என்றார் அவர். அதற்குச் சான்று கிட்டவில்லை. எனினும், கீழ்முதுகு வலி சிலருக்கு இம்முறையால் ஓரளவு தணிவதை மறுப்பதற்கில்லை.

கழுத்தின் நிலை வேறு. அங்குள்ள 7 முள்ளெலும்புகளுள் மேலுள்ள ஆறின் பக்கத்துளைகள் வழியே, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் இரு தமனிகள் மேலேறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாகவேனும், தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. வகுப்பறையில் தோழனின் கழுத்தை விளையாட்டாகத் திருப்பும் மாணவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நெடுநேரம் குனிந்து படித்தால் கழுத்து இறுகும். விடைத்தாள் திருத்தும் நாள்களில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் நேர்வதே. எழுந்து சற்று நடப்பதும் தோள்களை மெல்லச் சுழற்றுவதும் பெரும்பாலும் போதுமானவை. கை மரத்துப்போதலோ தலைச்சுற்றலோ உடனிருப்பின் தாமதியாது மருத்துவரை நாடுக.