நிறைகோலும் குழந்தை வளர்ச்சியும்

மெலிந்த குழந்தையைக் கண்டு இரங்காதார் இலர். ஆயின் மெலிவு கண்ணுக்குப் புலனாகும்போது காலம் பெரிதும் கடந்துவிடுகின்றது. ஓர் ஊரிற் குழந்தைகள் பலரும் வளர்ச்சி குன்றியிருப்பின், அக்குறைவையே தாயர் இயல்பெனக் கொள்வர். போஷாக்கின்மையை ஒழிக்க முனைவோர்க்கு வறுமைக்கு அடுத்த பெருந்தடை இம்மயக்கமேயாம்.

அக்காலத்திற் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவிற் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், 1935 இல் 'குவாஷியோர்க்கர்' என்னும் நோய்ப்பெயரை மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அது கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. நோயின் காரணத்தைக் கிராமத்தவர் பெயரிலேயே பொதிந்து வைத்திருந்தமை நோக்கற்பாலது. பின்னர் நைஜீரியாவின் இமெசி என்னும் ஊரில் டேவிட் மோர்லி என்பார், மாதந்தோறும் நிறையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையைக் கையாண்டார். கோடு ஏறினால் நலம். ஏறாது கிடையாய் நின்றால் எச்சரிக்கை. எழுத்தறியாத தாயும் அதனைப் படிக்கலாம்.

இவ்வழியிற் சென்ற பெருமுயற்சி, உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாட்டில் 1980 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த போஷாக்குத் திட்டமாகும். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டனர். நிறை போதிய அளவு கூடாத குழந்தைக்கு மாத்திரம் 90 நாள் மாவுருண்டை வழங்கப்பட்டது. நிறை தேறியதும் அது நிறுத்தப்பட்டது. இதனாற் செலவு சுருங்கியது. உணவும் மருந்துபோல அளவறிந்து கொடுக்கப்பட்டது. பணியாளராக அவ்வவ்வூர்ப் பெண்களே நியமிக்கப்பட்டனர். தாமும் வறியராயிருந்து தம் பிள்ளைகளை நலமே வளர்த்த தாயர் விரும்பித் தெரியப்பட்டனர். பட்டணத்துத் தாதியின் அறிவுரையினும் அயல்வீட்டாள் சொல் எளிதிற் செவியேறும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

1982 இல் அம்மாநில அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதனினும் பெரும்புகழ் எய்தியது. ஆயினும் அது இரண்டு வயதை அடைந்தோர்க்கே உரியது. வளர்ச்சி மிகக் குன்றுவதோ, தாய்ப்பாலோடு பிற உணவும் வேண்டப்படும் 6 முதல் 24 மாதம் வரையுள்ள பருவத்திலேயாம். அப்பருவத்திலே தப்பிய வளர்ச்சியைப் பள்ளிச் சோறு முற்றாக மீட்டுத் தருதல் அரிது.

ஒருங்கிணைந்த திட்டம் நடந்த இடங்களிற் கடும் போஷாக்கின்மை வெகுவாகக் குறைந்தது. நடுத்தரக் குறைபாடு அவ்வளவு அசையவில்லை. நிறை தளர்ந்த பின்னரே உணவு வரும் முறையில் இஃது ஓரளவு எதிர்பார்க்கத்தக்கதே.