பழைய ஸ்பீக்கர் மங்கிப் பேசுகிறதா? நாமே திருத்தலாம்



சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் மத்திய கிழக்கிலிருந்து வந்த பழைய கசற் செற் இன்றும் இருக்கிறது. அந்நாளில் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்புவார்கள். இன்று நம்மோடு இல்லாத வாப்பாவின், கணவரின் குரல் அந்த நாடாவில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அது போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால், செற்றை வீசிவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் பெட்டியில் பெரிய கோன் தாழ்ந்த சத்தத்தைத் தரும். மேலே உள்ள சின்ன ட்வீற்றர், ஏறத்தாழ 2000 முதல் 3000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரான சத்தத்தைத் தரும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் அங்கேதான் தெளிகின்றன. ட்வீற்றர் நின்றால் சொற்கள் மங்கும்.

முதலில் றேடியோவைப் போட்டுப் பாருங்கள். றேடியோ தெளிவாக இருந்து கசற் மட்டும் மங்கினால், குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. கசற் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

றேடியோவும் ஒரு பக்கம் மங்கினால், செற்றை நிறுத்தி இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொழுவுங்கள். வயரை மாற்றிய பின்னும் அதே பெட்டியே மங்கினால் பெட்டியில்தான் பழுது. மங்கல் மற்றப் பெட்டிக்கு மாறினால் பழுது செற்றுக்குள். அதைத் திறக்காதீர்கள், உள்ளே 230 வோல்ற் மின்சாரம் உண்டு. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெட்டியில் பழுதென்றால், வயர்களைச் செற்றிலிருந்து கழற்றிவிட்டு ட்வீற்றரை வெளியே எடுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடற்காற்றில் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பற்றாசு பிடியுங்கள். சில வேளை இதுவே போதும்.

பின் மல்டிமீற்றரை 200 ஓமில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 8 ஓம் ட்வீற்றர் என்றால் ஏறத்தாழ 6 காட்டும். 4 ஓம் என்றால் 3 அளவில். வெறும் '1' அல்லது 'ஓஎல்' என்று நின்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. பியசோ வகை ட்வீற்றரில் சுருள் இல்லை. அது நல்லதாக இருந்தாலும் அப்படியே காட்டும்.

சுருள் நன்றாக இருந்தால், வயரில் தொடராக உள்ள சிறு கொள்ளளவியைச் சந்தேகியுங்கள். தாழ்ந்த சத்தத்தைத் தடுத்து ட்வீற்றரைக் காப்பது அதுதான். வயதானால் அது கெடும். அதே மைக்ரோபரட் அளவும், அதே அல்லது கூடிய வோல்ற்றும் உள்ள முனைவற்ற வகையையே வாங்குங்கள். ஒரு பக்கம் கழித்தல் குறி இட்ட சாதாரண வகை சரிவராது. கொள்ளளவி இல்லாமல் ட்வீற்றரை நேரே கொழுவினால் சுருள் எரியும்.

புது ட்வீற்றர் வாங்கும்போது ஓம், அளவு இரண்டும் பழையதோடு ஒத்திருக்கட்டும். சத்தத்தை முழுதாகக் கூட்டி, குரல் கரகரக்கும்படி வைக்காதீர்கள். ட்வீற்றரை எரிப்பது பெரும்பாலும் அதுதான்.

திருத்தி முடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கசற்றைத் தொலைபேசியில் பதிந்துவையுங்கள். நாடா காலத்தோடு கெடும். மீற்றர் பிடிக்கப் பழகிய கைக்கு அயலவரின் றேடியோவும் மின்விசிறியும் வேலையாக வரும். அதில் நாலு காசும் கிடைக்கும்.