சேவைக்குப் போகுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வருகிறது. மேலே ஐ.நா.வின் நீலச் சின்னம், கீழே வட்ட முத்திரை, யாரோ ஓர் இயக்குநரின் கையெழுத்து. ஜெனீவாவில் மனிதாபிமான உதவிப் பணிக்கு நீங்கள் தேர்வாகியிருப்பதாகச் சொல்கிறது. டாலரில் சம்பளம், தங்குமிடம் இலவசம். கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. விசா செலவுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் 48 மணி நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அனுப்பியவரின் முகவரியோ ஜிமெயில்.

இப்படிப்பட்ட கடிதத்தை நம்பி நகையை அடகு வைப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சமூகப்பணி படித்தவர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள் என நாலு பேருக்கு உதவும் வேலையில் சேர ஆசைப்பட்டவர்களே இதில் சிக்குகிறார்கள். அந்த நல்ல மனதைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள்.

சர்வதேச வளர்ச்சிப் பணிக்கும் மனிதாபிமானப் பணிக்கும் நம் இளைஞர்கள் போக வேண்டும். ஆனால் சேவைக்குப் போகிறவரும் ஒரு தொழிலாளிதான். ஊதியம், காப்பீடு, உயிர்ப் பாதுகாப்பு, முறையிட ஓர் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் அவருக்கு உரிமை உண்டு. உள்ளே நுழைவது எப்படி என்று விசாரிக்கும்போதே, எந்த ஒப்பந்தத்தில் நுழைகிறோம் என்றும் விசாரித்துவிட வேண்டும்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. அமைப்புகள் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்பதில்லை. ஐ.நா. பணியாளர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய ‘பி-சேஃப்’ பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே பாதுகாப்புப் பயிற்சிக்கு என்று யாராவது பணம் கேட்டால், அந்த ஒன்றே போதும், அது மோசடி என்று முடிவு செய்ய.

ஐ.நா. வேலைக்கு முகவர் தேவையே இல்லை. வேறு வெளிநாட்டு வேலைக்கு முகவர் வழியாகப் போகிறவர்கள், அவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். வாங்கும் பணத்துக்கு ரசீதும் தர வேண்டும்.

உண்மையான வாசல்கள்

ஐ.நா.வின் ‘இளம் தொழில்முறையாளர்’ தேர்வை 32 வயதுக்கு மிகாத பட்டதாரிகள் எழுதலாம். எந்தெந்த நாட்டினர் எழுதலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், படிக்கத் தொடங்குமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். 1970இல் தொடங்கி, ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இன்னொரு நல்ல வாசல். களத்துக்கு அனுப்பப்படும் தன்னார்வலருக்கு மாதாந்தர வாழ்க்கைப்படியும் காப்பீடும் உண்டு. வீட்டிலிருந்தே செய்யும் இணையவழித் தன்னார்வப் பணிக்கு ஊதியம் இல்லை.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில் கவனம் தேவை. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் அதற்கு ஊதியம் கிடையாது. நியூயார்க், ஜெனீவா போன்ற செலவு மிகுந்த நகரங்களில் வாடகையும் சாப்பாடும் உங்கள் கைக்காசில்தான். யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் போன்றவை உதவித்தொகை தருகின்றன. எது எது தருகிறது என்று பார்த்து விண்ணப்பிப்பதே நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நல்லது.

இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகள் ஜெனீவாவில் இல்லை. பேரிடர் நடந்த ஊரில்தான் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு உள்நாட்டு, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தபோது, நம் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலை அங்கேதான் கற்றார்கள். 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல், 2024 வயநாடு நிலச்சரிவு எல்லாம் அத்தகைய களங்களே. ஈழ அகதிகளுக்காக 1984 முதல் இயங்கிவரும் ‘ஓஃபர்’ போன்ற அமைப்புகளும் நம் ஊரில் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் பெறும் இரண்டு மூன்று ஆண்டுக் கள அனுபவத்தைச் சர்வதேச அமைப்புகள் மதிக்கின்றன.

களத்தில் வேலை எப்படி இருக்கும்? உலகெங்கும் பின்பற்றப்படும் ‘ஸ்பியர்’ தரநிலையின்படி முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய், நிலைமை சற்றுச் சீரானதும் 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 5,000 பேர் தங்கியிருக்கும் முகாம் என்றால் தினமும் 75,000 லிட்டர் தண்ணீர், 20 குழாய்கள், 250 கழிப்பறைகள். டேங்கர் லாரி எத்தனை நடை அடிக்க வேண்டும், பெண்கள் இரவில் பயமின்றிப் போக விளக்கு எங்கே போட வேண்டும், இதற்கெல்லாம் பணம் எந்தத் தலைப்பில் வரும்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பொறியாளர், செவிலியர், கணக்காளர், கிடங்குப் பொறுப்பாளர் ஆகியோரைத்தான் அமைப்புகள் தேடுகின்றன. கூடவே பிரெஞ்சோ அரபியோ தெரிந்தால் வாய்ப்பு கூடும்.

கையெழுத்துக்கு முன்

முதலில், நீங்கள் நிரந்தரப் பணியாளரா, ஆலோசகரா, தன்னார்வலரா என்று பாருங்கள். ஒரே அலுவலகத்தில் ஒரே வேலையைச் செய்யும் மூவருக்கு மூன்று வகை விடுப்பு, மூன்று வகைக் காப்பீடு இருக்கலாம்.

அடுத்தது, சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. அமெரிக்காவின் ‘யுஎஸ்எய்ட்’ 1961 முதல் இயங்கிய பெரும் அமைப்பு. 2025 ஜனவரியில் நிதி முடக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதியோடு அது இயங்குவதே நின்றது. அந்த நிதியை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் பல நாடுகளில் வேலை இழந்தார்கள். திட்டம் பாதியில் நின்றால் எத்தனை மாத முன்னறிவிப்பு, எவ்வளவு இழப்பீடு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் இயங்கும் தொண்டு நிறுவனம் என்றால், வெளிநாட்டு நிதி பெறுவதற்கான ‘எஃப்சிஆர்ஏ’ பதிவு நடப்பில் இருக்கிறதா என்று உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் பாருங்கள். அது ரத்தானால் வெளிநாட்டு நிதி நிற்கும். அந்த நிதியை நம்பிய சம்பளமும் நிற்கும். சில நிறுவனங்கள் முழுநேர ஊழியருக்கே ‘மதிப்பூதியம்’ என்ற பெயரில் பணம் தந்து பிஎஃப் பிடிக்காமல் தவிர்க்கின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு வருங்கால வைப்புநிதி (பிஎஃப்) விதிகள் பொருந்தும். தயங்காமல் கேளுங்கள்.

உயிர் ஆபத்து யாருக்கு?

2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத் கனால் ஹோட்டல் குண்டுவெடிப்பில் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். அந்த நாளே உலக மனிதாபிமான தினம். 2024இல் உலகெங்கும் 380க்கும் மேற்பட்ட உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்ப் பணியாளர்கள்.

அதன் கொடுமையை ஈழத் தமிழர்கள் நேரில் அறிவார்கள். 2006 ஆகஸ்ட் 4 அன்று திருகோணமலை மாவட்டம் மூதூரில், பிரெஞ்சு நிறுவனமான ‘பசிக்கு எதிரான செயற்பாடு’ அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் சுகாதார வசதியும் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-சட்டை அவர்களைக் காப்பாற்றவில்லை. அந்தக் குற்றத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

பல அமைப்புகளின் விதிப்படி, போர் மூண்டால் நாட்டை விட்டு வெளியேற்றப்படுவது சர்வதேசப் பணியாளர்தான். உள்ளூர்ப் பணியாளருக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். சண்டை நெருங்கினால் யார் முடிவெடுப்பார், வண்டி யார் அனுப்புவார், தாக்குதலில் காயமோ மரணமோ நேர்ந்தால் காப்பீடு எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

பணியாளரைக் காப்பது அமைப்பின் சட்டக் கடமை என்பதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. 2012இல் கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் மன்றத்தின் பணியாளர்கள் கடத்தப்பட்டார்கள். ஓர் ஓட்டுநர் கொல்லப்பட்டார். மீட்கப்பட்டவர்களில் ஒருவரான ஸ்டீவ் டென்னிஸ் வழக்குத் தொடுத்தார். அமைப்பு கடும் அலட்சியம் காட்டியதாக 2015இல் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு தரச் சொன்னது. ஆபத்தான இடத்துக்குப் போகச் சம்மதித்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தவர் ஆகிவிட மாட்டார்.

எங்கே முறையிடுவது?

பணமோசடி என்றால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். கடிதம், உரையாடல், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு இத்தகைய ஏமாற்றுதலுக்குப் பொருந்தும்.

பாலியல் தொல்லை என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாருக்கான கெடு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உதவி பெறும் மக்களிடம் சக ஊழியர் அத்துமீறுவதைக் கண்டாலும் புகார் செய்வது உங்கள் கடமை. ஐ.நா. 2003இலேயே இதற்கென விதி வகுத்திருக்கிறது.

ஐ.நா. வேலையில் தகராறு என்றால் நம் தொழிலாளர் நீதிமன்றம் உதவாது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஐ.நா.வுக்கு விலக்குரிமை தருகிறது. தலைமைச் செயலகப் பணியாளர்கள் 60 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வு கேட்டு, பிறகு 2009 முதல் செயல்படும் ஐ.நா. தகராறு தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆலோசகர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அந்தத் தீர்ப்பாயம் இல்லை. ஆலோசகர் நடுவர் விசாரணைக்குத்தான் போக வேண்டும். ஒப்பந்த வகையைக் கையெழுத்துக்கு முன்பே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் இந்தியத் தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ புகார்த் தளம், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஆகியவற்றை அணுகலாம். இலங்கையர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது.

சமூகப்பணிக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் நடத்தவும் கள ஆய்வு செய்யவும் கற்றுத் தருகிறீர்கள். ஓர் உண்மையான வேலை ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கவும் இறுதியாண்டில் ஒரு வகுப்பு நடத்துங்கள். காப்பீடு பற்றியும் பாதுகாப்பு பற்றியும் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனத்துக்கு, எவ்வளவு பெரிய பெயர் அதற்கு இருந்தாலும், நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.