காற்றுக் காலத்தில் ட்ரோன் படம்



சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு விவசாயி வாழைத் தோட்டத்தின் ட்ரோன் படங்களைக் கொண்டுவந்து, "ஐயா, கீழ்க்கோடியில் இலை மஞ்சளிச்ச மாதிரி இருக்கு, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். வாடகை கொடுத்து எடுத்த படங்கள். ஆனால் இலையெல்லாம் கலங்கிக் கிடந்தன. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பணமும் போச்சு, நாளும் போச்சு.

நம் ராதாபுரம் பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் ட்ரோன்காரரிடம் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம். வாழைக்கு 30 மீட்டர் போதும். அந்த உயரத்தில் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இடத்தைக் காட்டும். ட்ரோன் காட்டும் உயரம், அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. தென்னை 15, 20 மீட்டர் வளர்ந்திருக்குமே! அதற்கு 50, 60 மீட்டர் உயரம் வேண்டும்.

அடுத்தது ஷட்டர் வேகம். இதுதான் முக்கியம். ட்ரோன் நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வையுங்கள். ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் ட்ரோன் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலங்காமல் என்ன செய்யும்? ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் நகர்வது அரை சென்டிமீட்டர்தான். காற்றில் ஆடும் இலையும் தெளிவாக விழும்.

ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200 போதும். கூட்டினால் படம் பொரிபொரியாகும். மேகமூட்டமாக இருந்தால் அதைக் கூட்டுவதற்கு முன் ட்ரோனின் வேகத்தைக் குறையுங்கள். ஒயிட் பேலன்சைத் தானியங்கியில் விடாமல் 'வெயில்' என்று நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் பச்சை நிறம் மாறும். எது மஞ்சள் இலை என்றே தெரியாது. படங்களை ஒட்டி ஒரே படமாக்க வேண்டுமானால், ஒன்றின் மேல் அடுத்தது முக்கால் பங்காவது படிய வேண்டும்.

காற்று ஏறுமுன் காலையிலேயே எடுங்கள். அடுத்த மாதமும் அதே நேரம், அதே உயரம் என்றால்தான் ஒப்பிடலாம். முதலில் மேற்கே, காற்றை எதிர்த்து அனுப்புங்கள். பேட்டரி குறைந்து திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். காற்றாலைகளின் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். நம் வட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருப்பதால், உங்கள் இடம் எந்த மண்டலம் என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

படம் எந்த இடத்தில் குறை என்று காட்டும். நோயா, சத்துக் குறைவா என்று சொல்லாது. அந்த இடத்துக்கு நடந்துபோய் இலையைப் புரட்டிப் பாருங்கள்.