பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா?

பிரிக்பீல்ட்ஸ் வாழை இலை உணவகத்தில் உட்கார்ந்தால், "கோழியா, மீனா?" என்று கேட்பார்கள், நாமும் பதில் சொல்வோம். அதே கடைக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்பினால், சீட்டில் இல்லாததை அவனிடம் கேட்டுப் பயனில்லை. மாணவர்களே, நாம் எழுதும் கட்டளைவரி நிரல்களுக்கும் இந்த இரு வகையிலும் உள்ளீடு வருகிறது.

ஆள் உட்கார்ந்து விசைப்பலகையில் தட்டுவது ஒரு வகை. இன்னொரு நிரலின் வெளியீடு 'பைப்' வழியாக நேரே உள்ளே வருவது மறு வகை. டக் மெக்கில்ராய் வலியுறுத்திவந்த இந்தப் பைப்பை, கென் தாம்சன் 1973இல் யூனிக்ஸில் சேர்த்தார். இன்றும் அது அன்றாடக் கருவி.

கிள்ளானில் வார இறுதியில் பைத்தான் சொல்லித் தருகிறேன். கோப்புகளை அழிக்கும் நிரல் ஒன்றை ஒரு மாணவி எழுதியிருந்தார். கோப்பின் பெயரை வாங்கும், "அழிக்கவா?" என்று கேட்கும், 'நோ' என்றால் மட்டும் விட்டுவிடும். கையால் தட்டியபோது சரியாக ஓடியது. சோதனைக்காகப் பத்துப் பெயர்களைப் பைப்பில் அனுப்பச் சொன்னேன். முதல் பெயரை வாங்கிய நிரல், இரண்டாம் பெயரையே பதிலாக எடுத்துக்கொண்டது. அது 'நோ' அல்லவே! ஐந்து கோப்புகள் அழிந்தன. மற்ற ஐந்து பெயர்கள் பதில்களாகிப் போயின.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எதிரே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது. உள்ளீடு முனையத்திலிருந்து வருகிறதா என்பதைப் பைத்தானின் 'இஸ்ஏடிடிஒய்' சொல்லிவிடும்.

இரண்டாவது, பட்டியலைப் பைப்பில் வாங்கினாலும் கேள்வியை நேரே முனையத்திடம் கேட்பது. லினக்ஸ், மேக் கணினிகளில் 'டெவ்/டிடிஒய்' என்ற கோப்பு அதற்கானது.

மூன்றாவது, ஆளே இல்லாமல் ஓட வேண்டிய நிரலுக்கு, 'ஆம்' என்பதைக் கட்டளையிலேயே எழுத இடம் கொடுப்பது. உபுண்டுவின் 'ஆப்ட்-கெட்' இப்படித்தான் செய்கிறது. அதில் 'ஒய்' குறியைச் சேர்த்தால் கேள்வி கேட்காமல் நிறுவும். குறியும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை என்றால், வேலையைக் கைவிட்டு வெளியேறும்.

மௌனம் சம்மதம் என்பது நிரலுக்கு ஆகாது. தெளிவாக 'ஆம்' என்று வந்தால் மட்டுமே அழிக்கட்டும். வேறு எது வந்தாலும் நிற்கட்டும். அடுத்த பணித்திட்டத்தை ஒப்படைக்கும் முன், கையால் ஒரு முறை, பைப்பில் ஒரு முறை, வெற்றுக் கோப்பைக் கொடுத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.